ஏற்றிய பொருள்

ஏலத்துக்கு முதல்
ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு வரி நிரப்பவேண்டும்:
இலக்கம், வெறுநிறை, ஏற்றிய பொருள்.
சீனக்குடாப் பக்கத் தண்டவாளத்தில் ஏழு நிற்கின்றன.
சில்லுக் கம்பிகளுக்குள்ளால் எருக்கலை ஏறிப் பூத்துவிட்டது.
இலக்கங்களை உப்புக்காற்று தின்றதில்
எட்டெல்லாம் மூன்றாய்ப்போயிற்று.

கொழும்பில் கோவை இல்லையாம்.
வெள்ளமென்றார் ஒருவர், கறையானென்றார் மற்றவர்.
ஆகவே நான், வெல்டர் நளீம்,
ஒரு ஏணி, ஒரு டோர்ச்.

முதல் மூன்றும் லேசு.
மூடியைத் திறந்ததும்
இத்தனை வருசத்துக்குப் பிறகும்
மண்ணெண்ணெய் மூக்கில் அறைந்தது.

நாலாவதன் வயிற்றுக்குள் குழாய்ச் சுருள், குடல் மாதிரி.
இந்த வெக்கைக்குள் எதைச் சூடாக்கியிருப்பார்கள்?
நளீம் விரலால் வழித்துக் காட்டினான்.
உலை எண்ணெய்.
மலைநாட்டுக் குளிரில் அது இறங்காதாம்,
ஆவி விட்டுக் கெஞ்சவேணுமாம்.

ஐந்தாவதை எறும்பு சொன்னது.
வால்வுக்குக் கீழே தொடங்கி
சிலிப்பர்க் கட்டை தாண்டிப் போகிறது வரிசை.
கந்தளாய் ஆலை மூடிய செய்தி
அதுகளுக்கு இன்னும் எட்டவில்லை.
கரும்புப்பாணி, எழுதினேன்.
அத்தாட்சி என்ற இடத்தில் எறும்பு என்று எழுதி
அடித்துவிட்டேன்.

ஆறாவதில் சண்டை.
உள்ளே விரல் தடிப்பில் ரப்பர்.
பூசினது, ஆகவே அமிலம் என்றேன் நான்.
மிஞ்சினது, ஆகவே ரப்பர் பால் என்றான் அவன்.
ஒரு துண்டை உரித்து என் முகத்துக்கு நேரே இழுத்தான்.
நீண்டது. விட்டான்.
சுண்டி என் கண்ணாடியில் பட்டது.
ரப்பர் பால்.

ஏழாவதில் மணமே இல்லை.
தலையை உள்ளே விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன்,
என் குரல் கொஞ்சம் பிந்தி வந்தது.
சுவரில் காய்ந்த பாசிக் கோடுகள்,
ஒன்றுக்குக் கீழ் ஒன்று, இடையிடையே சுண்ணாம்பு.
அடியில், எந்த எண்ணெய்த் தாங்கியிலும் இராத
ஒரு வீட்டுப் பித்தளைப் பைப்.
குடங்கள் இடித்து இடித்து
அதன் வாய் ஒருபக்கம் மழுங்கியிருந்தது.

"தண்ணிதான், மிஸ்."
கேற் காவலாளி விமலதாசவும் தலையாட்டினார்.
ஒரு வரட்சி வருசம்
கல்லோயாவிலிருந்து தரிப்புக்குத் தரிப்பு நின்று வந்ததாம்,
அட்டவணையில் இல்லாத வண்டி.
ஹோர்ன் கேட்டால் சனம் ஓடி வருமாம்,
சிலர் சைக்கிளில், சட்டி கைபிடியில் தொங்க.

தொலைபேசியில் மேலதிகாரி சிரித்தார்.
தண்ணிக்குக் கூலி அறவிட்டோமா?
கூலி இல்லாதது சரக்கில்லை.
வெறும் வாகன் என்று போடுங்கோ.

போட்டேன். பென்சிலால்.

அடுத்த கிழமை ஏலக்காரர் வந்தபோது
பைப் இருந்த ஓட்டையில் மரக்கட்டை இறுக்கியிருந்தது.
யாரும் கேட்கவில்லை. எண்ணூறு கிராம் பித்தளை.

நோன்பு திறக்கக் கிண்ணியாவுக்கு அழைத்திருந்தான்.
வேலியோரம் கைகழுவப் போனேன்.
பைப்பின் வாய் ஒருபக்கம் மழுங்கியிருந்தது.
கழுவினேன். மூடினேன்.
எவ்வளவு இறுக்கியும் சொட்டியது.
"அது அப்படித்தான், மிஸ்" என்றான் நளீம்,
கஞ்சிக் கோப்பையோடு,
என்னைப் பாராமல்.