ஐந்து எலுமிச்சை

துர்க்குவில் மார்ச். ஜன்னலில் ஈரப்பனி.
தரகர் லிண்ட்ரூஸ் சொல்லிவிட்டுப் போனார்:
"யாரும் வசிக்காத வீடுபோல் வசியுங்கள்."

வசிக்கிறோம்.
பல்துலக்கிகள் கார் டிக்கியில்.
முகம் கழுவியதும் குழாயைத் துடைத்து
கைரேகை அழிக்கும் திருடர்கள்,
நானும் வெய்க்கோவும்.
கதவில் நாய் பிறாண்டிய இடத்துக்கு
மூன்று பூச்சு வெள்ளை.
நாய், என் தங்கை வீட்டில்.
சானாவில் வாடகைத் துண்டுகள் மடித்திருக்கின்றன;
அங்கே வியர்க்கக் கூடாதென்று உத்தரவு.
குளிக்க நகராட்சி நீச்சல்குளத்தில் வரிசை நிற்கிறோம்.

இருபத்திரண்டு வருடம் ஆடிய சமையலறை இழுப்பறை
நேற்று ஒரே திருகாணியில் நின்றுவிட்டது.
இவ்வளவுதானா என்று
கொஞ்ச நேரம் அதை இருவரும்
இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தோம்.

இரவு மீன் வறுத்தேன்.
வாடை போக ஜன்னலெல்லாம் திறந்து
கோட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.
அலங்காரக் கிண்ணத்திலிருந்து ஒன்றை
வெய்க்கோதான் நறுக்கினார், என்னைக் கேட்காமல்.

ஞாயிறு. படத்தையும் கிண்ணத்தையும்
மாறி மாறிப் பார்த்தார் லிண்ட்ரூஸ்.
"ஐந்து இருந்ததே?"

வந்தவர்கள் காலணி கழற்றிக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் கிளம்பத் தாமதமாகிவிட்டது.
ஒரு பெண் மூக்கை விரித்து, கணவனிடம் மெல்ல,
"இங்கே யாரோ சமைத்திருக்கிறார்கள்" என்றாள்.

புகார்தானா அது,
இன்னும் தெரியவில்லை.