ஆறு நிமிடம்

கண்ணாடிக் குடுவையில் பதினைந்து சென்டிமீட்டர் தண்ணீர்.
சுண்டெலி எண் ஏழு.
பாபநாசத்து வல்லாரைச் சாறு
உள்ளே போய் ஒரு மணி நேரம்.

முதல் இரண்டு நிமிடம் கணக்கில்லை.
அப்புறம் காலசைக்காமல் மிதக்கும் ஒவ்வொரு நொடியும்
மனச்சோர்வு என்று எழுதணும்.

ஏழு நீந்துகிறது.
'மருந்து கேக்குல்லா' என்கிறான் செய்யது.

வெறும் தண்ணி குடித்த எட்டு
மூக்கை மட்டும் மேலே நீட்டிச்
சும்மா கிடக்கிறது.
நூற்று அறுபத்தெட்டு நொடி.
துடைத்து, விளக்கடியில் விட்டேன்.

சாயங்காலம் குறுக்குத்துறை.
மூணு மாசமாய் வாய் திறக்காத ஆவுடை அக்கா
மல்லாந்து மிதக்கிறாள்,
காது ரெண்டும் ஆற்றுக்குள்.

படியில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.
இருநூறு தாண்டியாச்சு.
எந்தக் கட்டத்தில் இதை எழுத?

'ஏட்டி,' என்கிறாள் கண் திறக்காமலே,
'எறங்கு. தண்ணி வெதுவெதுன்னு இருக்கு.'