மஞ்சள் விளக்கு

நாகவாராவில் மழை.
ஏழாம் மாடிக் கண்ணாடிக்குக் கீழே
வெளிவட்டச் சாலை சிவப்பாக உறைந்திருக்கிறது.
ஒரு மணி நேரமாக அதே பஸ், அதே இடம்.
என் திரையில் மட்டும்
ஒரு நீலப் புள்ளி
சியென்னாவை விட்டுத் தெற்கே இறங்குகிறது.

இந்த ஷிப்டில் என் பெயர் ஈவா.
செண்பகவல்லி என்பது வெள்ளைக்காரர் வாயில்
பாதியில் உடைந்துவிடுமென்று
பயிற்சியில் சொன்னார்கள்.
வாடகைக் காரில் இத்தாலி சுற்றுகிறவர்களுக்கு
நடுவழியில் நான்தான் துணை.
எந்த ஊர்க் கோட்டைவாசலில்
அபராதக் கேமரா கண் விழித்திருக்கிறது,
எந்தச் சந்து போகப்போகச் சுருங்கி
கண்ணாடிகளைப் பிடுங்கிக்கொள்ளும்,
எந்த பங்க் மதியத் தூக்கத்துக்கு மூடும்,
எல்லாம் தெரியும்.
பாஸ்போர்ட்தான் இல்லை.

ஒன்பதே முக்கால். அங்கே ஆறேகால்.
நல்லசிவம் என்று திரை சொன்னது.
இஸ்திரி போட்ட ஆங்கிலம்:
டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறதாம்.
அவருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்:
"ஏனுங்க, அந்த மரமெல்லாம் பாருங்க,
நட்டு வெச்ச வேலாட்டம்.
ரெண்டு நிமிசம் நிறுத்துங்க."
"சும்மா இரு மேகலா.
ஏழு மணிக்கு ரூமுல இருக்கோணும்."
"சியென்னாலயும் இதேதான் சொன்னீங்க."
"அதான் போட்டோ எடுத்தாச்சல்ல?"

விளக்கின் காரணம் திரையில் விழுந்தது:
கண்ணாடி கழுவும் தண்ணீர் குறைவு.
அரை பாட்டில் தண்ணீரில் தீர்கிற வியாதி.

புள்ளி புவோன்கொன்வெந்தோவின்
செங்கல் மதிலைத் தாண்டியிருந்தது.
இனி வரும் வளைவு எனக்கு மனப்பாடம்.
உழுதுபோட்ட மண் அலையலையாய்ப் போய்
ஒரு குன்றின் முதுகில் ஏற,
அங்கே ஒற்றை வீடு,
அதற்குக் காவலாய் சைப்ரஸ் வரிசை.
சாப்பாட்டு இடைவேளைகளில்
தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு
நான் அங்கே போய் நிற்பதுண்டு,
ஒரு விரலால்.

"சார்," என்றாள் ஈவா,
"அந்த விளக்கை அலட்சியம் செய்யக்கூடாது.
இருநூறு மீட்டரில் வலப்புறம் ஒரு மண்திட்டு.
நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.
பத்து நிமிடம் ஆறட்டும்."

ஒரு கதவு திறந்தது.
ஜல்லியில் செருப்பு ஓடியது.
"மெதுவா, மெதுவா!" என்றார் அவர்.
பிறகு பேச்சே இல்லை.
காற்று மட்டும்,
அதற்குள் எங்கோ ஒரு நாய்,
இன்னும் உள்ளே ஒரு மணியோசை.
"வாங்களேன்..."
என்று தூரத்திலிருந்து அவள்.
வெகுநேரம் கழித்து இன்னொரு கதவு.

ஷாஹிஸ்தா என் மேசையைத் தட்டி
கடிகாரத்தைக் காட்டினாள்.
ஓர் அழைப்புக்கு ஆறு நிமிடம், அதுதான் கணக்கு.
நான் பதினொன்றில் இருந்தேன்.
தலையசைத்து, தீவிரமாய் ஏதோ தட்டச்சு செய்து,
அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து வண்டியை எடுத்தார்.
எடுத்த கை ஊர்க் கை.
இடது பக்கம் ஏறிவிட்டது போல.
"லாரி!" என்று மேகலா அலற,
ஈவா எங்கே போனாளோ,
"வலது பக்கம் அண்ணா! வலது! ஒடிங்க!"
ஒரு நீண்ட ஹாரன்
என் காதைக் கிழித்துக்கொண்டு
கடந்து போனது.

அதன் பிறகு
மூன்று பேருடைய மூச்சும்
ஒரே கம்பியில் கேட்டது.

"நீங்க தமிழுங்களா?"
"ஹலசூரு."
"அப்ப..." என்று இருமினார் நல்லசிவம்.
பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக
நினைத்துப் பார்க்கிறார் போலும்.
"அப்ப, அந்த வெளக்கு..."

கீழே அந்த பஸ்
ஒரு வண்டி நீளம் நகர்ந்திருந்தது.
பயிற்சியில் உருப்போட்ட வரியை
ஈவாவின் ஆங்கிலத்தில் சொன்னேன்:
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?

அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.
மேகலாதான் கேட்டாள்:
"நாளைக்கும் எரியுமுங்களா?"