ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு

அவர்கள் கடிதங்களில் இதை
வெளிநாட்டுத் தொழிற்சாலை என்று எழுதுகிறார்கள்.
மத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி.
போச்சம்பள்ளிக்கு முன்னாலேயே
கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிடுவார்.

எனக்கு அங்கே விலைக் கணக்கு எழுதும் வேலை.
ஒரு ஜோடி ஷூவைப் பிரித்துப் பரப்பி
தோல் இவ்வளவு, அடி இவ்வளவு, பசை, நூல், டப்பா,
டப்பாவுக்குள் கசங்கிக் கிடக்கும் காகிதம் வரைக்கும்
பைசா சுத்தமாகப் போட்டுவிடுவேன்.
கூலிக் கட்டத்தில் மட்டும் ரூபாய் எழுதுவதில்லை,
நிமிடம் எழுதுகிறோம்.
ஜோடிக்கு ஐம்பத்திரண்டு.
நிமிடம் தொண்ணூற்றாறு பைசா.

ஆடி மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது.
நலமா, உங்கள் பக்கம் மழை உண்டா என்றெல்லாம் விசாரித்து
ஜோடிக்கு நான்கு ரூபாய் குறைக்க முடியுமா,
வியட்நாமில் ஒருவர் தருகிறார் என்றிருந்தது.
பொய்யாக இருக்காது.
வியட்நாம்காரரிடம் எங்கள் பெயரைச் சொல்லியிருப்பார்கள்.

தோல்காரர் ராணிப்பேட்டை. மசியவில்லை.
டப்பாக்காரர் ஓசூர், முதலாளிக்குச் சம்பந்தி.
கரண்டு பில்லோடு பேரம் பேச முடியாது.
மிச்சம் இருந்தது நிமிடம்.

ஸ்டாப்வாட்ச்சோடு மூன்று நாள் நாலாவது லைனில் நின்றேன்.
முனிரத்னா அடிக்குப் பசை தடவுகிறாள்.
பிரஷ்ஷை உதறுகிறாள், மணிக்கட்டைச் சொடுக்குகிறாள்,
பக்கத்து மெஷின் சுகுணவல்லியிடம்
பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கிறாள்.
உதறல் மூன்று விநாடி.
சொடுக்கு இரண்டு.
காய்ச்சல் பதினொன்று.
கல் பொறுக்குவதுபோல் பொறுக்கிச் சேர்த்ததில்
நான்கு நிமிடம் தேறியது.
மூன்று ரூபாய் எண்பத்து நான்கு பைசா.
மீதிப் பதினாறு பைசாவை நூலில் எடுத்தேன்.

ஆர்டர் தங்கியது. அறுநூறு பேர் வேலையும் தங்கியது.
இதையும் எழுதத்தான் வேண்டும்:
பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய்
தகரக் கொட்டகையில் படுத்துக் கிடந்தவர்கள்
இன்றைக்கு பி.எஃப். நம்பரோடு இருக்கிறார்கள்.
முனிரத்னா பெயரில் ஒரு ஸ்கூட்டி ஓடுகிறது,
பதினாலு தவணை பாக்கியோடு.

டப்பாவில் ஒட்டும் விலைச்சீட்டும் இங்கேதான் அச்சாகிறது.
எண்பத்தொன்பது யூரோ.
அவள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்
போனில் தட்டிப் பெருக்கி வகுத்து,
"சார், என் ஒரு மாசச் சம்பளத்துக்கு
மூணு கால்தான் வருது" என்றாள்.
லைனே சிரித்தது.
ஒன்பது விநாடி.

தணிக்கைக்கு வந்த அம்மையார் நல்லவர்.
இளநீர் சீவித் தந்தால்கூட லஞ்சம் என்று மறுத்துவிட்டார்.
கழிவறைத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று
தானே உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தார்.
பிறகு முனிரத்னாவிடம், இந்த வேலை
உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டார்.
இங்கிலீஷ் தெரிந்தவன் என்று
நடுவில் என்னை நிறுத்தியிருந்தார்கள்.

"சந்தோசந்தான். செங்கல் தூக்குனதுக்கு இது நெழலு.
ஆனா எங்ககிட்ட எடுத்த நாலு நிமிசம்
இப்ப யாரு கையில இருக்குன்னு
அவங்களக் கேளுங்க சார்."

நிழல் வரைக்கும் மொழிபெயர்த்தேன்.
அவ்வளவு நீளத்துக்கு இவ்வளவுதானா என்பதுபோல்
அம்மையார் என்னை ஒரு தரம் பார்த்தார்.
பிறகு எழுதிக்கொண்டார்.
முனிரத்னா பார்க்கவில்லை.
அடுத்த அடி பெல்ட்டில் வந்துவிட்டது.

இந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் தொள்ளாயிரம்.
பழக்கதோஷம், வகுத்துப் பார்த்தேன்:
நிமிடத்துக்கு ஏழு பைசா.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில்
அவரைக்காய்க்கு நாலு ரூபாய் குறைத்துக் கேட்டேன்.
விற்றவள் தராசைக்கூடத் தூக்கவில்லை.
"கட்டாதுங்க. அடுத்த கடை பாருங்க."

அடுத்த கடை பார்த்தேன்.
அங்கே கிடைத்தது.