கூலி: இரண்டு கறிபாப்

சனிக்கிழமை. பகாவ் இடைநிலைப்பள்ளி மண்டபம்.
பெற்றோர் முப்பத்தொரு பேர், காற்றாடி இரண்டு,
அதில் ஒன்று சுற்றவில்லை.
அம்மாக்கள் முன்வரிசைகளில்.
அப்பாக்கள் கதவோரம்,
ஹெல்மெட்டை மடியில் வைத்து,
எந்த நிமிடமும் கிளம்பிவிடலாம் என்பதுபோல.

ஆலோசக ஆசிரியை ரொஸ்னானிக்குத் தமிழ் தெரியாது.
இவர்களிடம் இருந்ததோ
மளிகைக்கடை மலாய்,
மண்டோரிடம் திட்டு வாங்குகிற மலாய்.
உடம்பைப் பேச அது போதாது.
ஆகவே நான்.
நான்காம் படிவம். மலாயில் எப்போதும் ஏ.

"உங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள்" என்றார்.
சொன்னேன். எளிது.
"ரஹிம்" என்றார்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"யாரு, பஞ்சர் கடை ரஹிமா?"
மண்டபம் சிரித்தது. நானும்.
சிரிப்பு வற்றியபோது
அந்தச் சொல் இன்னும் என் வாயில் இருந்தது,
சுடுசோறுபோல, விழுங்கவும் துப்பவும் முடியாமல்.
கருப்பை, என்றேன்.
ஒலிபெருக்கியில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது,
வேறு யாரோ துணிந்து பேசியதுபோல.

"ஹைட்" என்றார்.
அம்மாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இல்லை.
"அந்த மூணு நாள்" உண்டு. "தூரம்" உண்டு.
"சாமிமேடைப் பக்கம் போகாதே" உண்டு.
பன்னிரண்டு வயதில் எனக்குச் சடங்கு.
மண்டப வாசலில் என் படம் ஆளுயரம்;
முந்நூறு பேருக்குக் கோழிப் பிரட்டல்;
ஐஸ்கிரீம் தீர்ந்துபோய்ச் சண்டை.
எனக்கு ஏதோ ஆனதென்று ஊர் முழுக்கத் தெரிந்தது.
என்ன ஆனதென்று
எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாதவிடாய், என்றேன்.
நோய் இல்லை, பயப்பட வேண்டாம், என்றேன்.
பின்னது ஆசிரியை சொல்லாதது.
நானாகச் சேர்த்தது.

பிறகு பையன்கள்.
குரல் உடைவது, முகப்பரு, காரணமில்லாத கோபம்,
காரணமில்லாத அழுகை.
"அழுதால் அதட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்."
கதவோரத்தில் லோரி ஓட்டும் தணிகைவேலு மாமா
ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்தார், மூடினார்,
திறந்தார்.
அவர் மகன் ஜூன் மாதத்திலிருந்து அவரிடம் பேசுவதில்லை.
வகுப்பில் எங்களுக்குத் தெரியும்.

பிறகு "செந்துஹான்".
தொடுதல்.
தமிழில் அது திடலில் ஓடிக்கொண்டிருந்த சொல்:
தொட்டாச்சு, நீ அவுட்டு.
ஆசிரியை சொன்ன கனம் அதில் ஏறவில்லை.
தாளைக் கீழே வைத்தேன். என் பேச்சில் சொன்னேன்:
"தெரிஞ்சவங்க கையா இருந்தாலும்,
சொந்தக்காரங்க கையா இருந்தாலும்,
பிள்ளை வேண்டாம்னா வேண்டாம்தான்.
சொல்ல முடியாமப் போயிருந்தாலும்
தப்பு பிள்ளை மேல இல்ல."

மூன்றாம் வரிசையில் கிளியம்மா அக்கா எழுந்தார்.
காலையில் பேருந்து நிலையத்தில் நாசி லெமாக் விற்பவர்.
ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளை இல்லாதவர்,
தங்கை மகனுக்காக வந்திருந்தார்.
"இப்ப கடைசியாச் சொன்னத
இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னேன்.
"இன்னொரு தடவ."
சொன்னேன்.
சுற்றாத காற்றாடியைப் பார்த்தபடி நின்றார்.
பிறகு உட்கார்ந்தார்.
அவர் மடியிலிருந்து குடை விழுந்ததை
யாரும் எடுக்கவில்லை.

"அவர் என்ன கேட்டார்?" என்றார் ஆசிரியை.
காலை முழுதும் ஒரு சொல் விடாமல் பெயர்த்தவள்
முதல்முறையாகப் பொய் சொன்னேன்:
"மைக் சரியில்லையாம், டீச்சர்."

கூலி: இரண்டு கறிபாப், ஒரு பொட்டலம் சோயாபால்.

மோட்டாரை அம்மா ஓட்டினாள்.
அங்காடி தாண்டும்வரை ஒன்றுமில்லை,
ரொட்டி வாங்கணும் என்பதைத் தவிர.
சமிக்ஞை விளக்கில் கால் ஊன்றியபடி,
"அந்த ரெண்டாவது வார்த்தை, என்னமோ சொன்னியே…"
செம்பனைக் குலை ஏற்றிய லோரி பக்கத்தில் இரைந்தது.
"மாதவிடாய்" என்றேன்.
"ஆ?"
"மாதவிடாய்!" கத்தினேன்.
அடுத்த மோட்டார்க்காரர் திரும்பிப் பார்த்தார்.
அம்மாவும் பார்த்தாள், பக்கக் கண்ணாடியில்,
ஹெல்மெட்டுக்குள் கண்கள் மட்டும்.

பின்னால் ஹாரன்கள்.
பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.