எதிர் நாற்காலித் தூரம்

பாலாற்று மணலில் முக்காலி நிற்பதில்லை.
ஒரு கால் மட்டும்
யாருக்கும் சொல்லாமல் உள்ளே இறங்கும்.
இரண்டு படத்துக்குள் பாலம் சாய்ந்துவிடும்.
மூன்று கொட்டாங்குச்சியை மல்லாத்தி வைத்து
காலுக்கு ஒன்றாகச் செருப்பு மாட்டினேன்.
ஆடிக் காற்று,
அதனால் நடுத்தண்டை உயர்த்தவில்லை.
கொக்கியில் தொங்கும் துணிப்பைக்குள் கூழாங்கல்.
இனி காட்பாடி ரயில் பாலத்தில் ஏறினால் மட்டும்
விரலை எடுத்துக் காத்திருந்தால் போதும்.

ரேணுகாம்பாள் வேலை முடிந்து நேரே வந்தாள்.
ராணிப்பேட்டை கம்பெனியில் தோலுக்குத் தரம் பிரிக்கிறவள்.
மேசையில் விரித்ததும் உள்ளங்கையால் ஒரு தடவல்:
இது முள் கிழிச்சது
இது உண்ணி கடிச்சது
இது சூடு போட்டது.
இடது கன்னத்தில், வேப்பிலை நீளத்துக்கு,
அவளுக்குமே ஒன்று உண்டு.
வேலைக்குச் சேர்ந்த மாதம்
சுண்ணாம்புத் தொட்டி தெறித்தது.

போன வைகாசியில் ஸ்டுடியோக்காரர்
அதைத் துடைத்துத்தான் கொடுத்தாராம்.
படத்தைப் பார்த்துத் திருவலத்திலிருந்து வந்தவர்
காபியைக் கையில் வாங்கிக்கொண்டு
"பொண்ண வரச் சொல்லுங்க" என்றாராம்.
"நான்தாங்க வந்திருக்கேன்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
நான் லென்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே துடைத்த மூடியை.

"ஆவணியில ஆற்காட்டுக்காரர் ஒருத்தர் வராரு.
வந்து திடுக்கிடக் கூடாது.
அந்த மாதிரி எடு."

முதலில் இருநூறை மாட்டினேன்.
நாற்பது தப்படி பின்னால் போனால்
தூரத்து மலை அவள் தோளுக்குப் பின்னால் வந்து உட்காரும்.
அழகுதான்.
ஆனால் "முகவாயைக் கொஞ்சம் இறக்கு" என்று கத்தினால்
காற்று முகவாயை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது.
இருபத்துநான்கில் கிட்டே போனேன்.
மூக்கு முன்னால் வந்து நின்று
காதுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.
எண்பத்தைந்து,
கல்யாணப் படக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவது,
பின்னால் இருக்கிற மணல், பாலம், வேலிக்காத்தான் எல்லாம்
பாலாடையாகிவிடும்.
முழுசாகத் திறந்து வைத்தால்
கண்ணிமை கூர்மை, கன்னம் மூட்டம்.
தழும்பைத் துடைக்கவும் வேண்டாம்,
மரியாதையாக மறந்துவிடலாம்.

காட்டினேன்.
திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.
"இது பெயிண்ட் அடிச்ச தோலு.
மூணாம் தரத்துக்கு அடிப்பாங்க."

பிறகு கேட்டாள்:
"வரவரு எவ்வளோ தூரத்துல உக்காருவாரு?"

எங்கள் வீட்டு நாற்காலிகளை நினைத்துப் பார்த்தேன்.
நடுவில் ஒரு ஸ்டூல், அதில் தட்டு,
தட்டில் மிக்சர்.
ஐந்தடி. கூடிப்போனால் ஆறு.
மூஞ்சியை நீட்டுவதும் அமுக்குவதும் லென்ஸ் இல்லை,
நிற்கிற இடம்.
பதினோரு வருடம் கல்யாண மண்டபங்களில் நின்றவனுக்கு
யாரும் இப்படி அளந்து கேட்டதில்லை.

மூன்று கொட்டாங்குச்சியையும்
ஆறடிக்கு நகர்த்தினேன்.
அந்த இடத்துக்கு ஐம்பதுதான் வந்தது.
எட்டில் வைத்தேன், மலையும் இருக்கட்டும்.
வெளிச்சம் இறங்கிவிட்டது, பதினைந்தில் ஒரு நொடி,
கையில் பிடித்தால் நடுங்குகிற வேகம்.
முக்காலி பிடித்துக்கொண்டது.
ரிமோட் ஒயரை இழுத்துக்கொண்டு
கேமராவை விட்டு வெளியே வந்து
மணலில் உட்கார்ந்தேன்,
லென்ஸுக்குப் பக்கத்தில், ஆற்காட்டுக்காரராக.

"மிக்சர் எடுத்துக்குங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து ரயில்.
பாலம் அதிர, கேமராப் பட்டை துடிக்க,
காத்திருந்தோம்.
பதினெட்டுப் பெட்டியை அவள் எண்ணினாள்.
படவேட்டில் சிரசு மட்டும்தான் தெய்வம்,
அந்தப் பேரை வைத்திருக்கிறவள்
கழுத்தைத் திருப்பாமல்
கண்ணால் மட்டும் எண்ணினாள்.
சத்தம் அடங்கியது,
எண்ணிக்கை இன்னும் உதட்டில் இருந்தது.
அழுத்தினேன்.

பெரிதாக்கிப் பார்த்தாள்.
முள், உண்ணி, சூடு எதுவும் சொல்லவில்லை.
"அனுப்பு."

ஆவணி போய்விட்டது. நான் கேட்கவில்லை.
முக்காலியின் ஒரு காலில் மட்டும்
மணல் புகுந்துவிட்டது.
எந்த மண்டபத்தில் விரித்தாலும்
கரகரவென்று
ஆறடி கேட்கிறது.