அட்டையில் இல்லாத பெயர்

சிலோயே தீவுக்கூட்டத்தின் கடைசித் தீவு.
மருத்துவப் படகு கரை தட்டும்போது மணி பதினொன்று.
மழை. இங்கே அதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.

பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறையில்
போன மாதம் சொன்னதையே சொன்னேன்:
உப்பைக் குறையுங்கள்
(புகைபோட்ட சிப்பி தின்னும் தீவில்!).
தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள்.
ராத்திரி விழித்தால் சட்டென்று எழாதீர்கள்,
கட்டில் ஓரம் உட்கார்ந்து பத்து எண்ணுங்கள்.
எலியோதோரோ முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.
அவருக்குக் காது கேட்காது.
அது மரியாதைக்கு.

பிறகு குன்றேறி, தகர வீடு.
என் கையில் இருந்த அட்டை ஒன்றே ஒன்று:
ஒத்தீலியா நஹுவெல்கின். எழுபத்தெட்டு. இடப்பக்க வாதம்.
மூன்று வருடம் படுக்கை,
முதுகில் ஒரு புண் கிடையாது.
இதை நகரத்து டாக்டரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்,
என்னவோ நானே ராப்பகலாய்
இரண்டு மணிக்கொருதரம் அவரைப் புரட்டிவிட்டது மாதிரி.

புரட்டுகிறவர் ரெமிஹியோ, அவர் கணவர்.
முட்டை அட்டையின் குழிகளில் மாத்திரைகள்:
மேல்வரிசை காலைக்கு, கீழ்வரிசை ராத்திரிக்கு,
தவறிப்போன வேளை ஒன்றுகூட இல்லை.
அடுப்பில் உருளைக்கிழங்கு. மேசையில் ஒரு தட்டு.
ஒரு தட்டு.

அப்போதுதான் பார்த்தேன்,
அவருடைய வலது பூட்ஸின் நாடா
தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.
நாற்பது வருடம் படகுத்துறையில் கயிறு கட்டிய மனிதர்.
"குனிந்தால் தலை சுற்றுதா?"
"ஈர நாடா. நிக்கமாட்டேங்குது."

கையை நீட்டுங்கள் என்றேன்.
மனைவியின் கையை எடுத்து நீட்டினார்.
"உங்கள் கை."
"அட்டை அவளுக்குத்தானே?"

நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு.
கருவியைத் தட்டிப் பார்த்தேன். மறுகையில் கட்டினேன்.
கருவி பொய் சொல்லவில்லை.
மூன்று வருடமாய் இந்த மனிதரின் கையால்
மாத்தே குடித்திருக்கிறேன்;
அந்தக் கையில் ஒருதரம் பட்டை சுற்றியதில்லை.

"இப்போதே படகில் ஏறவேண்டும்."
"சாயங்காலம் நாலு மணிக்கு யார் புரட்டுவார்கள்?"
என்னிடம் துண்டுப்பிரசுரம் இருந்தது. பதில் இல்லை.

ஆப்பிள் மரத்தடியில் மட்டும்தான் சிக்னல்.
புந்தா அரேனாஸில் இருக்கும் மகள் நிமியா எடுத்தவுடன்
"அம்மா எப்படி?" என்றாள்.
எல்லோரும் கேட்பது. நானும் கேட்டது.
"அப்பா எப்படின்னு கேளுங்க" என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் காற்று மட்டும் பேசியது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி ஓடினேன்.
அலகாய், நியாயமே இல்லாமல், கத்தினேன்:
"மாடு பூட்டி, வடம் பிடித்து,
முழு வீட்டையே கடல் தாண்டி இழுத்துப் போகிற ஆட்கள் நீங்கள்!
ஒரு பெண்ணைக் கட்டிலில் திருப்பிப் படுக்கவைக்க
ஆள் கிடையாதா?"

யாரும் பேசவில்லை. ஒருவர் இருமினார்.
பர்பரீனா மான்சீயா எழுந்து, கரும்பலகையில் இருந்த
வகுத்தல் கணக்கை அழித்தாள்.
நாலு மணி: நான், என்று எழுதினாள்.
ஆறுக்கு ஒரு பெயர் வந்தது. எட்டுக்கு இரண்டு.
விடிகாலை இரண்டு மணி வெறுமையாகவே நின்றது.

எலியோதோரோ பலகையை உற்றுப் பார்த்தார்.
படிக்கத் தெரியும் அவருக்கு.
"எனக்கு எப்படியும் தூக்கம் வராது.
அவளால் பேசமுடியாது, என்னால் கேட்கமுடியாது.
சண்டை வராது" என்றார்.

யாரோ சிரித்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.
பிறகு ஒவ்வொருவராய்க் கைநீட்டச் சொல்லி
புது அட்டைகள் எழுதினேன்.
நோயாளிகளுக்கு அல்ல,
நோயாளி உள்ள வீட்டில் நடமாடுகிறவர்களுக்கு.
பன்னிரண்டு அட்டைதான் கொண்டுபோயிருந்தேன். போதவில்லை.

காஸ்த்ரோ நோக்கிப் படகு திரும்பியபோது
ரெமிஹியோ குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இடதுபக்கம் மெதுவாத் தூக்கணும்.
சொன்னீங்களா?"
சொன்னேன், சொன்னேன் என்றேன்.

மண்டியிட்டு அவர் நாடாவைக் கட்டிவிட்டேன்.
முடிச்சை ஒரு பார்வை பார்த்தார்.
"இதெல்லாம் ஒரு முடிச்சா?
முதல் அலைக்கே அவிழ்ந்துடும்" என்றார்.

அவிழ்ந்தது.
மறுபடி கட்டினேன்.